பெயர் போடாத திருத்தம்

தான் சொல்வது சரி என்று தெரிந்துவிட்டால், எதிராளி கீழே விழுந்த பிறகும் அடிக்கிற ஆள் ஜெயராம். கையால் அல்ல. கையால் அவன் ஒரு கொசுவைக்கூட ஒழுங்காக அடித்ததில்லை. எழுத்தால் அடிப்பான். மயிலாப்பூரில் தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, டெலிபோன் வயரைப் பிடுங்கி மோடத்தில் சொருகி, நாற்பது பேர் படிக்கிற மின்னஞ்சல் குழுவில் ஒருவனைத் தேர்ந்தெடுத்து உரித்துத் தொங்கவிடுவான். பிறகு கீழே இறங்கி வந்து நிம்மதியாக மோர் சாதம் சாப்பிடுவான்.

அந்த நாற்பது பேரையும் சேர்த்து வைத்தது 'பலகை' என்கிற மென்பொருள். ஆழ்வார்பேட்டையில் ஆபீஸ் வேலை போக மிச்சமிருந்த நேரத்தில் ஜெயராம் எழுதியது அது. இணையத்தில் ஒரு பக்கம் நடத்த ஆசைப்படுகிறவனுக்கு அதற்குமுன் புரோகிராம் தெரிந்தாக வேண்டும். பலகை வந்தபிறகு, ஒரு கட்டத்துக்குள் செய்தியைத் தட்டி, படத்தைச் சேர்த்து, பொத்தானை அமுக்கினால் போதும், பக்கம் தயார். காசு கிடையாது. உள்ளே இருக்கும் நிரல் எல்லாருக்கும் திறந்து கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம், திருத்தியதைத் திருப்பி அனுப்பலாம்.

ஆனால் ஒரு சட்டம் இருந்தது. திருத்தம் அனுப்புகிறவன் தன் முழுப்பெயரையும் வீட்டு விலாசத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பலகை தயாரிக்கும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அது போய் உட்கார்ந்துகொள்ளும். திரையில் தெரியாது. ஆனால் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் மூல நிரலைத் திறந்து பார்க்கத் தெரிந்தவன் எவனுக்கும் தெரியும். முன்பு ஒரு தடவை பெயரில்லாத ஆசாமி ஒருவன் அனுப்பிய திருத்தம் பதினாறு பேருடைய பக்கங்களைத் துடைத்து எடுத்துவிட்டது. அன்றைக்கு ஜெயராம் போட்ட சட்டம் அது.

தொண்ணூற்றொன்பது மே மாதம் 'சைதை' என்ற புனைபெயரில் ஒருவன் ஒரு திருத்தம் அனுப்பினான். படங்கள் கால்வாசி நேரத்தில் இறங்கின. ஜெயராம் நான்கு முறை படித்துப் பார்த்து, இப்படி எழுத நமக்கு வரவில்லையே என்று உள்ளுக்குள் பொறாமைப்பட்டான். பெயர் கேட்டான். 'பேர் மட்டும் வேணாம் சார், திருத்தத்த எடுத்துக்கோங்க' என்று தனியாகப் பதில் வந்தது. அதை எடுத்துக் குழுவில் எல்லார் முன்னாலும் போட்டு, கீழே எழுதினான்: 'தன் பெயரைச் சொல்லவே பயப்படுகிறவரின் வேலையை நம்பி நாம் எதைக் கட்டுவது? முதுகெலும்புள்ளவர்கள் எழுதினால் போதும்.' பதினொரு பேர் பலே பலே என்றார்கள். நான்காவது நாள் பெயர் வந்தது. ஷாஹுல் ஹமீது, சைதாப்பேட்டை. கதவு எண் முதற்கொண்டு எழுதியிருந்தான். ஜெயராமுக்கு ஜெயித்த சந்தோஷம்.

ஜூலை கடைசியில் சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் எழுபது குடிசைகள் எரிந்தன. ஒரு தாயும் கைக்குழந்தையும் வெளியே வரவில்லை. அடுப்பிலிருந்து பரவிய விபத்து என்று பேப்பரில் நான்கு வரி வந்தது. அந்த இடத்தின்மேல் ஒரு கட்டடக் கம்பெனிக்குக் கண் என்பது ஆற்றோரத்தில் எல்லாருக்கும் தெரியும், பேப்பருக்குத்தான் தெரியவில்லை. பத்து நாள் கழித்து, ஆற்றோரத்து ஜனங்களை விரட்டப் பார்ப்பதைப் பற்றி அந்த வருஷ ஆரம்பத்திலிருந்தே எழுதிவந்த 'ஆத்தோரம்' என்கிற இணையப் பக்கத்தில் ஒரு புகைப்படம் ஏறியது. விடியற்காலை வெளிச்சத்தில், கம்பெனியின் அடியாள் சேட்டு, கையில் மண்ணெண்ணெய் டின்னோடு, இன்னும் பற்றாத ஒரு ஓலைக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். முகம் பளிச்சென்று விழுந்திருந்தது.

ஆத்தோரம் பக்கம் பலகையில் செய்தது. அதை நடத்துகிறவர் யார் என்பது பக்கத்தில் எங்கும் கிடையாது. இணையத்தில் அதற்கு இடம் வாங்கிக் கொடுத்த ஜெயராமிடம் மட்டும் அந்தப் பெயர் இருந்தது. கம்பெனியில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவன் பக்கத்தின் மூலத்தைத் திறந்தான். மாம்பலம், மயிலாப்பூர், அடையாறு என்று ஏழெட்டு விலாசங்கள் இருந்தன. சைதாப்பேட்டையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஷாஹுலை அடித்துப்போட்ட விஷயம் ஜெயராமுக்கு வந்தபோது வியாழக்கிழமை மத்தியானம். பலகைக்காரர்களின் முதல் மாநாடு அந்த ஞாயிற்றுக்கிழமை. தி.நகரில் ஹால் பிடித்து, 'அனைவரும் வருக' என்று இடமும் நேரமும் இணையத்தில் போட்டாயிற்று. அவன் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். எலும்பு வார்டின் வாசலில் ஷாஹுலின் அம்மா ஜமீலுன்னிசா தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஷாஹுல் தாடையைக் கட்டிக்கொண்டு கிடந்தான். வலது கை முழங்கைவரை பஞ்சும் பட்டையும்.

"மூணு பேரு வந்தானுங்க சார்," என்றாள் ஜமீலுன்னிசா. அழுது முடித்த குரல். "கையில ஒரு பேப்பர். அதுல எம்புள்ள பேரு, எங்க வூட்டு நம்பர். இந்த போட்டோவ போட்டது யாரு, சொல்லுன்னானுங்க. தெரியாதுன்னான். கதவிடுக்குல கைய வச்சி கதவ சாத்துனானுங்க. மறுபடி கேட்டானுங்க. தெரியாதுன்னான். மறுபடி சாத்துனானுங்க. எத்தினி வாட்டின்னு எண்ல சார். எலும்பு வெளிய வந்துடுச்சு. அப்பாலதான் மூஞ்சில மிதிச்சானுங்க."

ஜெயராம் வார்டுக்குள் எட்டி அந்தக் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான்.

"அந்தப் பேப்பர்ல எங்க அட்ரஸ் எப்படி வந்துச்சு?" என்று அவள் கேட்டாள். "அவன் யாருக்கும் குடுக்க மாட்டானே சார்."

நான்தான் வாங்கினேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பழம் வாங்கி வந்திருந்த பையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு பெரிய அயோக்கியனைப் போல இறங்கி வந்துவிட்டான்.

அன்று சாயங்காலமே நிரலிலிருந்து எல்லாப் பெயர்களையும் பிடுங்கினான். பிடுங்கி என்ன செய்வது? இலவசமாகக் கொடுத்த சரக்கு அது. பின்லாந்தில் ஒரு பிரதி, தைவானில் ஒரு பிரதி, கோயம்புத்தூரில் யாரோ ஒரு மாணவனிடம் ஒரு பிரதி. எல்லாருக்கும் கெஞ்சி எழுதினான். பின்லாந்துக்காரன் மரியாதையாகப் பதில் போட்டான்: 'யார் வேண்டுமானாலும் பிரதி வைத்துக்கொள்ளலாம் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்?'

வெள்ளிக்கிழமை அவன் சைதாப்பேட்டை பஜாரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனான். அங்கே இருட்டறையில் பிரிண்ட் போடுகிற தேவானைதான் ஆத்தோரம் பக்கத்தை நடத்துகிறவள். முப்பது வயது, புருஷன் விட்டுப்போனவள், எரிந்த எழுபதில் அவள் குடிசையும் ஒன்று. அன்றைக்கு விடியற்காலை ஸ்டூடியோ கேமராவைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பியவள் கண்ணில்தான் சேட்டு பட்டான்.

"படத்தை எடுத்துடலாம்மா," என்றான் ஜெயராம். "ஒரு பையன் கை போச்சு. போலீஸ்ல எழுதிக் குடுத்தாச்சு, பாத்துக்கலாம்."

"எடுத்தா செத்தவ வருவாளா சார்?" தேவானை கையைத் துடைத்தபடியே பேசினாள். "ஞாயித்துக்கிழம உங்க கூட்டத்துக்கு நான் வரேன். நாப்பது பேர் வருவாங்கன்னீங்களே. ஆளுக்கொரு பக்கம் வச்சிருக்காங்க இல்ல? இந்தப் படத்த எல்லாரும் போடணும்னு கேக்கப் போறேன். ஒருத்தர்கிட்ட இருந்தா ஒருத்தர ஒதைப்பானுங்க. நாப்பது எடத்துல இருந்தா யார ஒதைக்கிறது?"

பின்லாந்துக்காரன் சொன்ன அதே விஷயம். ஆனால் இவள் சொன்னபோதுதான் அது ஜெயராமுக்கு விளங்கியது. அந்த வேகத்தில் அவன் ஒரு வாக்குக் கொடுத்தான். "உங்க பேர் எங்கிட்ட மட்டும்தான் இருக்கு. உயிரே போனாலும் வெளியில வராது."

தேவானை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உயிர் போற வரிக்கும் அவனுங்க வரமாட்டானுங்க சார். அதுக்கு முன்னாடியே நெறைய கீது."

ஞாயிறு காலை மனைவி ஜானு காபியைக் கொண்டுவந்து வைத்தவள் நகராமல் நின்றாள். "இன்னிக்கு ஆத்துலயே இருங்கோளேன். கூட்டத்தை உங்க தங்கவேல் பாத்துப்பார்."

"நான் போகலேன்னா நன்னாருக்காது ஜானு. அந்தப் பையனுக்கு நான் பண்ணினதுக்கு இதாவது பண்ணணும்," என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடித்தான். பயந்துகொண்டேதான் போனான்.

ஹால் உஸ்மான் ரோட்டுக்குப் பின்புறத் தெருவில், மாடியில். வழக்கமாக நிச்சயதார்த்தம் நடக்கிற இடம். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் சிவப்பு வெல்வெட் சோபாவை எடுக்க ஆள் இல்லாததால் அதற்கு முன்னாலேயே கம்ப்யூட்டரை வைத்திருந்தார்கள். மேற்கு மாம்பலம் தங்கவேல்தான் எல்லா ஏற்பாடும். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல், இளகின மனசு. முப்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். எழுத்தில் மட்டுமே சண்டை போட்டுப் பழகியவர்கள் முதல்முறையாக முகம் பார்த்து, இவரா அவர் என்று கூச்சத்தோடு சிரித்துக்கொண்டார்கள். தேவானை இரண்டாவது வரிசையில், ஓரத்தில், மடியில் பிரிண்டுகள் அடங்கிய காக்கி உறையோடு உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒருவருடைய மனைவி என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

தங்கவேல் வரவேற்றுப் பேச ஆரம்பித்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. மூன்று பேர் படியேறி வந்தார்கள். கடைசியாக வந்தவன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். முன்னால் வந்தவனை ஜெயராமுக்கு அடையாளம் தெரிந்தது. படத்தில் பார்த்த முகம்தான்.

"நைனா, இங்க ஜெயராமு யாரு?" என்று கேட்டான் சேட்டு. சத்தமே போடவில்லை.

"யாருப்பா நீங்க? மீட்டிங் நடக்குது, வெளிய போங்க," என்று தங்கவேல் மேடையிலிருந்து இறங்கினார். சேட்டுவின் ஆள் ஒருவன் இடுப்பிலிருந்து இரும்புக் குழாயை எடுத்து அவர் காதோடு சேர்த்து ஒரு போடு போட்டான். அவ்வளவு பெரிய மனுஷர் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே சாய்ந்தார். வெள்ளைச் சட்டையில் ரத்தம் தோளிலிருந்து இறங்கியது. அடுத்த அடி கம்ப்யூட்டருக்கு. திரை வெடித்துக் கண்ணாடி முன்வரிசைவரை சிதறியது.

முப்பத்தெட்டுப் பேர். சுதந்திரம் என்றால் என்ன என்று அந்தக் குழுவில் நானூறு கடிதம் எழுதியவர்கள். ஒருவர் அசையவில்லை. ஒரு பேராசிரியர் தன் தோல்பையை மார்போடு கட்டிக்கொண்டார். ஜெயராமும் அசையவில்லை, ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் தங்களை அறியாமல் அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். அது போதுமானதாக இருந்தது.

சட்டையைப் பிடித்து இழுத்துப்போய் அந்த வெல்வெட் சோபாவிலேயே தள்ளினார்கள். மூக்கில் ஒரு குத்து. கண்ணாடி நொறுங்கி ஒரு சில் புருவத்துக்குள் ஏறியது. ஜெயராம் பிறந்ததிலிருந்து யாரிடமும் அடி வாங்கியதில்லை. வலி இவ்வளவு பெரியதாக இருக்கும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவும் இல்லை.

"கதவு வேல ஒருத்தன்கிட்ட பண்ணி ஒண்ணும் தேறல," என்றான் சேட்டு, சோபாவில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து. "எங்க படிச்ச பையன் சொல்றான், எடம் குடுத்தவன் நீதானாம். யார் நடத்துறாங்கன்னு உனக்குத் தெரியுமாம். எனக்கு ஒரு பேரு வோணும். அவ்ளோதான். சொல்லிட்டின்னா எழுந்து போய்க்கினே இருப்பேன்."

"தெரியாது," என்றான் ஜெயராம்.

சேட்டு அவனுடைய இடது கையை எடுத்துத் தன் தொடையில் வைத்துக்கொண்டான். சுண்டு விரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினான். அது போகிறவரை போனது, பிறகு முறிந்தது. ஜெயராம் கத்தியது கீழே தெருவரை கேட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், ஜவுளிக்கடை ஸ்பீக்கர், யார் கேட்பது?

"பேரு."

"தெரியாது."

மோதிர விரல். இந்த முறை சத்தம் வரவில்லை, மூச்சுதான் நின்றது. வேட்டிக்குள் ஈரமானது தெரிந்தது. முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள். ஜெயராம் தலையைத் திருப்பாமல் இருக்கப் பாடுபட்டான். இரண்டாவது வரிசை ஓரத்தைப் பார்த்தால் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

"பேரு," என்று சேட்டு நடுவிரலைப் பிடித்தான். மெதுவாக மடக்கினான். வேண்டுமென்றே மெதுவாக.

அந்த நேரத்தில் ஜெயராமுக்குள் இருந்த சட்டம், நியாயம், ஷாஹுலின் கை, செத்துப்போன குழந்தை எல்லாம் எங்கேயோ போய்விட்டன. ஒரே ஒரு நினைப்புத்தான் இருந்தது: இது நிற்க வேண்டும். அவள் எப்படிப் போனால் எனக்கென்ன? நான் யார், அவள் யார்? விரல் முறிந்தது. அவன் வாய் திறந்தது. "தே..." என்று ஓர் எழுத்து வெளியே வந்துவிட்டது.

"நான்தான்டா போட்டேன்," என்று ஒரு குரல் கேட்டது.

தேவானை எழுந்து நின்றிருந்தாள். காக்கி உறை கீழே விழுந்து பிரிண்டுகள் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றிலும் சேட்டு மண்ணெண்ணெய் டின்னோடு நின்றான்.

"பேரு தேவானை. நீ கொளுத்துன வூடு என்னுது. அவன வுடு."

சேட்டு ஆச்சரியத்தோடு எழுந்தான். ஒரு பொம்பளையை அவன் எதிர்பார்க்கவில்லை. அந்த ஒரு நொடி அவளுக்குப் போதுமானதாக இருந்தது. பக்கத்திலிருந்த மடக்கு நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி வந்து அவன் முகத்தில் இறக்கினாள். இரும்பு விளிம்பு மூக்கைப் பெயர்த்தது. அவன் விழுந்தான். விழுந்தவனை விடவில்லை. இன்னொரு தடவை இறக்கினாள், பற்கள் தெறித்தன. மூன்றாவது தடவை தூக்கியபோது குழாய்க்காரன் கத்தியை உருவி அவள் தோளில் ஆரம்பித்து முழங்கைவரை இழுத்துவிட்டான். புடவை கிழிந்து, சதை பிளந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அப்போதும் அவள் நாற்காலியை விடவில்லை.

பிறகு நடந்ததுதான் அதிசயம். முதலில் எழுந்தது அந்தப் பேராசிரியர். தோல்பையைச் சுழற்றிக் கத்திக்காரன் பிடரியில் அடித்தார். உள்ளே நாலு தடிப் புத்தகங்கள். யாரோ ஒருவன் காலைப் பிடித்து இழுத்தான். அப்புறம் மிச்சப் பேரும் மேலே விழுந்தார்கள். அடிக்கத் தெரியாதவர்கள் அடிப்பதைப் பார்க்கச் சகிக்காது. எங்கே நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரியாது. கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன்கள் விழுந்துகிடந்தவனை விலாவில் உதைத்தார்கள், அழுதுகொண்டே உதைத்தார்கள். கீழே இருந்த ஓட்டல்காரர்கள் கதவை உடைத்துக்கொண்டு வந்து விலக்கியிராவிட்டால் அன்றைக்கு அந்த ஹாலில் கொலை விழுந்திருக்கும். கதவு திறந்ததும் அங்கே நின்ற மூன்றாமவன் ஓடிவிட்டான்.

தரையில் கிடந்த பிரிண்டுகளை ஆளுக்கொன்றாக எடுத்துப் போனார்கள். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் சேட்டுவின் படம் முப்பத்தாறு பக்கங்களில் இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் அதைப் போட்டவர் பெயர் இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவர்களாகவே போட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு பத்திரிகை முதல் பக்கத்தில் எடுத்துப் போட்டது.

ஆனால் ஞாயிறு சாயங்காலம், ஜெயராம் அரசு ஆஸ்பத்திரி பெஞ்சில் மூன்று விரல்களுக்கும் மரச்சிம்பு வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இதெல்லாம் இன்னும் நடக்கவில்லை. தேவானை முப்பத்தொரு தையலோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லத்தான் போனீங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

ஜெயராம் தலையைக் குனிந்துகொண்டான். பொய் சொல்லலாமா என்று யோசித்தான். "ஆமாம்மா. முதல் எழுத்து வந்துடுத்து. நீங்க எழுந்திருக்கலேன்னா முழுசாச் சொல்லியிருப்பேன்."

"தெரியும். அதான் எழுந்தேன்." அவள் கட்டுப்போட்ட கையை மடியில் மெதுவாக ஏற்றி வைத்துக்கொண்டாள். "அதுக்காக வெசனப்படாதீங்க. மூணு வெரல் வரிக்கும் தாங்குனீங்க. எங்க ஆளுங்கள்ல முக்காவாசிப் பேரு மொதல் அடிக்கே கக்கியிருப்பானுங்க."

"அந்தப் பையன் பாவம்," என்றான் ஜெயராம். "எனக்காவது சொல்றதுக்கு ஒரு பேர் இருந்தது. அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. தெரியாத விஷயத்துக்காக அவன் கைய..."

தேவானை அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாருக்குத் தெரியாது? ஷாஹுலுக்கா?" என்றாள். "இன்னா சார் பேசுறீங்க. அந்தப் பக்கத்தையே எனக்குச் செஞ்சு குடுத்தது அவன்தான். அந்தப் போட்டோவ அவன் வேல செய்ற எடத்துலதான் ஏத்துனோம். நான் பக்கத்துல நின்னுகினு இருந்தேன். எம் பேரு தெரியும், ஸ்டூடியோ தெரியும், இப்ப நான் படுத்துக்கிற எடம்கூடத் தெரியும். அதுக்குத்தான் அவன் மொதல்ல உங்ககிட்டப் பேரு குடுக்க மாட்டேன்னான். அவன் வழியா எங்க எல்லாரையும் புடிச்சிடுவாங்கன்னு பயந்தான்."

ஜெயராம் தன் கட்டுப்போட்ட மூன்று விரல்களைப் பார்த்தான்.

"கை தூளாப் போற வரிக்கும் கதவ சாத்தியிருக்கானுங்க. ஒரு எழுத்து சொல்லல அவன்," என்றாள் தேவானை.

எலும்பு வார்டு மாடியில் இருந்தது. ஜெயராம் எழுந்து போனான். ஷாஹுலின் முன்னால் போய் நின்று என்ன சொல்வது என்று யோசித்தபடியே நாலு படி ஏறினான். அதற்குமேல் முடியவில்லை. போகிற வருகிறவர்கள் விலகிப் போக, படியிலேயே உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.